கொல்லையில் பார்த்தீனியமா?

ஓசூர் பக்கம் காலி மனை என்றாலே இந்தச் செடிதான். கன்னடக்காரர்கள் ‘காங்கிரஸ் கிட’ என்பார்கள். செவ்வந்திக் கன்று என்று தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு! பொடிப் பொடியாய் வெள்ளைப் பூ வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். ஆகவே பூக்குமுன், மழையில் மண் இளகியதும் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

வெறுங்கை கூடவே கூடாது. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்குத் துணி. தோல் தடித்து அரிக்கும், மகரந்தத்தால் இழுப்பும் வரும். குழந்தைகள் கிட்டே வர வேண்டாம். மாட்டுக்கும் போடாதீர்கள், பால் கசக்கும். முடிந்ததும் துணியைத் தனியே அலசி, சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

சுவர் இடுக்கில் முளைத்ததற்கு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பு கரைத்து வெயிலில் தெளித்தால் கருகும். பூப்பாத்தியில் தெளிக்காதீர்கள், மண் கெடும். இலையைத் தின்னும் வரிபோட்ட மெக்சிகன் வண்டை 1984-ல் பெங்களூரில் விட்டார்கள், கண்டால் நசுக்கிவிடாதீர்கள்.