என்ன வாங்கினவை எண்டு மட்டும் கேட்டால் காணாது

எங்கட ஆக்கள் அரசியல் கதைக்கேக்க "ரெண்டர்" என்ற சொல் வந்தால், பின்னாலேயே "கொமிசன்" என்ற சொல்லும் வந்துவிடும். ஆர் அடிச்சது, எவ்வளவு அடிச்சது. அதோட கதை முடிஞ்சிடும். ஆனால் அதுக்கு முன்னால ஒரு கேள்வி இருக்கு. இந்த வேலையை ஆரிட்டக் குடுக்கிறது என்று முடிவெடுக்க எந்த முறையைத் தெரிவு செய்தார்கள்? ஏன் அந்த முறை? பாதிக் காரியம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'அரச பெறுகை' என்று சொன்னவுடனே கொட்டாவி வரும், தெரியும். ஒரு கலியாண வீட்டை நினைச்சுக்கொள்ளுங்கோ. சமையலுக்கு ஆள் பிடிக்க வேணும். ஊருக்கெல்லாம் சொல்லி, வாற எல்லாரிட்டையும் விலை கேட்டுத் தெரிவு செய்யலாம். அது பகிரங்கக் கேள்வி கோரல். தெரிந்த மூன்று பேரிடம் மட்டும் விலை கேட்கலாம். அது மட்டுப்படுத்தப்பட்ட போட்டி. "மாமாவுக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு, அவரே செய்யட்டும்" என்று விடலாம். அது நேரடி ஒப்பந்தம். நாங்கள் கேட்காமலேயே ஒருவர் வாசலில் வந்து நின்று "நான் சமைக்கிறன், இதுதான் விலை" என்று சொல்லலாம். அது கேளாமல் வந்த பிரேரணை. ஆளே பிடிக்காமல் சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்து சமைக்கலாம். அதுவும் ஒரு முறைதான்.

இதில எது சரி? கலியாணத்துக்கு மூண்டு மாதம் இருக்கெண்டால் ஒரு பதில், செத்த வீடு எண்டால் வேற பதில். வேலையைப் பார்த்துத்தான் முறையைத் தெரிய வேண்டும். எங்கள் நாட்டில் பெரும்பாலும் ஆளைப் பார்த்து முறையைத் தெரிகிறார்கள். பிரச்சினை அதுதான்.

எங்கட கடலுக்குள்ளேயே ஒரு உதாரணம் இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின் வலையமைப்போடு இணைக்கப்படாதவை. டீசல் ஜெனரேற்றர்தான் அவற்றுக்கு மின்சாரம் கொடுத்து வந்தது. அந்த டீசலும் கடல் கடந்து போக வேண்டும். வெயிலும் காற்றும் வேண்டியளவு இருக்கிற தீவுகளில் டீசலை எரிப்பது மடைத்தனம் என்று எல்லாருக்கும் தெரியும். எனவே சூரிய ஒளி, காற்று, மின்கலம் மூன்றும் கலந்த ஒரு முறையை ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் அமைக்கத் திட்டமிட்டார்கள். அந்த வங்கியின் விதிப்படி சர்வதேசப் போட்டிக் கேள்வி கோரப்பட்டது. 2021 ஜனவரியில் சினோசோர் - ஈரெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்க அமைச்சரவை அனுமதி கொடுத்தது. பெறுமதி ஏறக்குறைய 12 மில்லியன் அமெரிக்க டொலர்.

உடனே இந்தியா எதிர்த்தது. நெடுந்தீவில இருந்து இராமேஸ்வரம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர்தான். கடன் வேண்டாம், அதே வேலையைக் கொடையாகச் செய்து தருகிறோம் என்றது. திட்டம் இழுபட்டது. 2021 டிசம்பர் தொடக்கத்தில், "மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை" காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரிய மின் நிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்திருப்பதையும் அதிலேயே சொல்லிக் காட்டியது. அந்த மாதமே சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டியோடு நல்லூரில் கும்பிட்ட படங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் பெங்களூருவைச் சேர்ந்த யூ சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம். 11 மில்லியன் டொலர் இந்தியக் கொடை. 1,700 கிலோவாற் சூரிய ஒளி, 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற்-மணி மின்கலம், காப்புக்கு 2,500 கிலோவாற் டீசல்.

முதல் அனுமதிக்கும் இரண்டாவது ஒப்பந்தத்துக்கும் இடையில் மூன்று வருசத்துக்கு மேல். இடையில் 2022 வந்தது. டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற வருசம் அது.

இந்தக் கதையைச் சொன்னால் எங்கட ஆக்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "சீனாக்காரன் வந்திருந்தால் எங்களுக்கு ஆபத்து." "இந்தியா எங்களுக்கு ஒண்டும் நடக்க விடாது." இரண்டு பக்கமும் கொஞ்ச நியாயம் இருக்கலாம். கடனை விடக் கொடை நல்லது என்றும் ஒருவர் வாதாடலாம். எனக்கு அதில பிரச்சினை இல்லை. என் பிரச்சினை வேறு. பாதுகாப்பு ஒரு உண்மையான காரணம் என்றால், கேள்வி கோர முன்னமே அதை யோசித்திருக்க வேண்டும். எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற தீவு என்பது 2021இல் திடீரெனக் கண்டுபிடிக்கப்பட்ட விசயம் இல்லை. சர்வதேசப் போட்டி என்று கதவை முழுதாகத் திறந்துவிட்டு, வென்ற ஆள் வந்து வாசலில் நிற்கும்போது "நீங்கள் வேண்டாம்" என்று சொன்னால், அது போட்டியையும் கெடுக்கிறது, காலத்தையும் தின்கிறது. அடுத்த முறை கேள்வி கோரும்போது நல்ல நிறுவனங்கள் நம்பி வருமா? முறையைத் தெரிகிற நேரத்தில் பேச வேண்டியதைத் தெரிந்து முடித்த பிறகு பேசினார்கள். அதுக்கான விலையைக் கொழும்பும் டெல்லியும் பீஜிங்கும் குடுக்கேல்லை. நெடுந்தீவுச் சனம்தான் குடுத்தது.

அப்ப எல்லாத்துக்கும் பகிரங்கக் கேள்விதான் மருந்தா? அதுவும் இல்லை. வீட்டுத் திட்டங்களைப் பாருங்கள். இந்திய வீட்டுத் திட்டம் 2010 நவம்பரில் அரியாலையில் தொடங்கியது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர்கள் கட்டினார்கள். அடுத்த கட்டத்தில் முறையை மாற்றி, பயனாளியின் கையிலேயே கட்டம் கட்டமாகக் காசைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு 550,000 ரூபாய். மேசனை ஆர் பிடிக்கிறது, கல்லை எங்க எடுக்கிறது எல்லாம் வீட்டுக்காரரின் முடிவு. அந்தக் காசு காணாமல் கடன்பட்ட குடும்பங்கள் இருந்தன. நகையை அடகு வைத்தவர்களும் இருந்தார்கள். அதை மறைக்கக்கூடாது. ஆனால் வீடு தங்கட வீடாக எழும்பியது, கூலி ஊருக்குள்ளேயே சுழன்றது.

பிறகு 2015, 2016 காலத்தில் 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டம் வந்தது. ஆர்சிலர் மித்தல் என்ற உலகப் பெரும் நிறுவனம், ஒரே பெரிய ஒப்பந்தம், ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 21 லட்சம் ரூபாய். இதற்கும் கேள்வி கோரல் நடந்ததுதான். ஆனால் எதைக் கேட்டார்கள் என்பதிலேயே பிழை இருந்தது. 65,000 வீட்டையும் கடன் வசதியோடு ஒரே கையில் தரக்கூடியவர் வேண்டும் என்று கேட்டால், கிளிநொச்சியில இருக்கிற எந்த மேசன் வருவார்? எங்கள் வெக்கைக்கு இரும்பு வீடு சரிவருமா, உப்புக் காற்றைத் தாங்குமா என்று பொறியியலாளர்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள். கல்வீடு இதைவிட மலிவு என்று கணக்குக் காட்டினார்கள். அந்த எதிர்ப்பால் 65,000 என்ற கனவு அந்த அளவில் நடக்கவே இல்லை. காகிதத்தில் போட்டி இருந்தது. ஆனால் போட்டியின் வாசலை எங்க வைக்கிறது என்று தீர்மானித்தபோதே ஊர்க்காரர் வெளியில நிண்டிட்டினம்.

போட்டியே இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பூநகரி. மன்னாரிலும் பூநகரியிலும் மொத்தம் 484 மெகாவாற் காற்றாலைகளை அதானி நிறுவனம் கேள்வி கோரல் இல்லாமலே பெற்றது. 2022 ஜூன் 9ஆம் திகதி, போட்டிக் கேள்வி பற்றிய விதியைத் தளர்த்துகிற மின்சாரச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அடுத்த நாளே அப்போதைய மின்சார சபைத் தலைவர் கோப் குழுவில், இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுத்ததாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று சாட்சி சொன்னார். பிறகு அதை மீளப்பெற்று, சில நாளில் பதவியும் விலகினார். 2024இல் ஒப்புக்கொண்ட விலை ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். அதே ஆண்டில் மன்னாரில் 50 மெகாவாற் காற்றாலைக்குப் போட்டிக் கேள்வி மூலம் வந்த விலை 4.65 சதம். இரண்டும் ஒரே அளவான வேலை இல்லை, அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பார்கள். சரி. ஆனால் 8.26 நியாயமான விலைதானா என்று அறிய எங்களிடம் வேறு அளவுகோல் என்ன இருந்தது? போட்டி வைக்காததால் அது தெரியவே இல்லை. கடைசியில் விலையைக் குறைக்கும் பேச்சு வந்தபோது, 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது.

அவசரம் என்ற சொல்லையும் மறக்கக்கூடாது. மருந்துத் தட்டுப்பாட்டைக் காட்டி அவசரக் கொள்முதல் என்று வாங்கிய இமியூனோகுளோபியூலின் ஊசிமருந்து தரமற்றது என்று 2023இல் வெளிவந்தது. அந்த வழக்கில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். அவசர முறை தேவைதான். வெள்ளத்தில நிக்கிற சனத்துக்குச் சாப்பாடு குடுக்க ஆறு கிழமை கேள்வி கோர ஏலாது. ஆனால் அவசரத்தை யார் அறிவித்தது, அது எப்ப முடியும் என்ற இரண்டும் எழுத்தில் இல்லாவிட்டால், அவசரம் நிரந்தரமாகிவிடும்.

எனவே என் நிலைப்பாடு இதுதான். பகிரங்கப் போட்டி வழமையாக இருக்க வேண்டும். அதைவிட்டு விலகலாம், ஆனால் விலகுகிறவர் காரணத்தை எழுதி, வேலை தொடங்க முன்னமே, தமிழில் வெளியிட வேண்டும். நீண்ட காலம் இந்த நாட்டில் பெறுகை நடந்தது சட்டத்தால் அல்ல, வழிகாட்டியால். 2006இல் ஒன்று, பிறகு 2025 ஜனவரி 1 முதல் புதியது. தேசிய பெறுகை ஆணைக்குழுவை 19ஆம் திருத்தம் கொண்டுவந்தது, 20ஆம் திருத்தம் இல்லாமல் செய்தது, 21ஆம் திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. பெறுகைக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியம் 2023இல் சொன்னது. ஐ.எம்.எப். சொல்லித்தான் எங்களுக்கு இது விளங்க வேணுமோ?

கொழும்பில சட்டம் வரும் வரைக்கும் நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? உள்நாட்டு நிதியில் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட, வெளிநாட்டு நிதியில் ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட ஒரு திட்டம் தொடங்க மூன்று மாதத்துக்கு முன், அதன் விபரங்களைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 5 லட்சம் எண்டால் இப்ப ஒரு ஒழுங்கை கொங்கிறீற் போடவே காணாது. அதாவது எங்கட ஊரில நடக்கிற அநேக வேலை இதுக்குள்ள வரும்.

2025 மே மாதத் தேர்தலோடு பிரதேச சபைகளில் மீண்டும் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். உங்கட ஒழுங்கைக்கு வேலை வந்தால் "எப்ப முடியும்?" என்று மட்டும் கேட்காதையுங்கோ. எந்த முறையில் கொடுத்தது, எத்தனை பேர் விலை போட்டது, ஒரு நீள வீதியை ஏன் ஆறு துண்டாகப் பிரித்தது என்று கேளுங்கோ. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நேரடியாகக் கொடுத்திருந்தால் அது நல்ல முறைதான், சங்கம்தான் உண்மையில் வேலை செய்கிறதா, அல்லது சங்கத்தின்ரை பேரில வேறொருவர் செய்கிறாரா என்று பாருங்கோ. எழுத்தில் கேட்டால் 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் ஒரு முடிவு சொல்லத்தான் வேண்டும்.

கள்ளனைப் பிடிக்கிறது பொலிசின்ரை வேலை. கதவு எப்பிடித் திறந்தது எண்டு கேக்கிறது எங்கட வேலை.