இருபது ரூபாய் நியாயம்

"எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் 20 ரூபாய்தான்." பங்குத் தரகுச் செயலிகளின் விளம்பரங்களில் இந்த வரி ஓய்வதாக இல்லை. எல்லாருக்கும் ஒரே கட்டணம், ஆகவே நியாயமான கட்டணம் என்று விவரம் தெரிந்தவர்களும் தலையாட்டுகிறார்கள். வரியைக் கொஞ்சம் திருப்பிப் போடுவோம்: எவ்வளவு சின்ன ஆர்டராக இருந்தாலும் 20 ரூபாய். 400 ரூபாய் பிரீமியத்துக்கு ஒரு லாட் ஆப்ஷன் வாங்குகிறார் ஒருவர். வாங்க 20, விற்க 20, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 47 ரூபாய் 20 காசு. போட்ட பணத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் புரோக்கரேஜிலேயே காலி. எஸ்டிடி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை எல்லாம் தனி. 4 லட்சத்துக்கு ஒரே ஆர்டர் போட்டு வாங்கி விற்பவரும் கட்டுவது அதே 47.20தான். பந்தியில் ஒருவர் இலையில் ஒரு பருக்கை, இன்னொருவருக்கு அண்டாவோடு சோறு. பில் மட்டும் சமத்துவம்!

ஆர்டர் சின்னதோ பெரியதோ, அதை அனுப்ப ஆகும் செலவு ஒன்றுதானே என்பார்கள். அப்படியானால் இன்ட்ராடே பங்கு வணிகத்துக்கு இதே நிறுவனங்கள் பலவும் "0.03 சதவீதம் அல்லது 20 ரூபாய், எது குறைவோ அது" என்று வாங்குவது எப்படி? அந்தக் கணக்கில் நம் 400 ரூபாய்க்காரருக்கு 12 காசு. பங்கைக் கண்டால் இளகும் கணினி, ஆப்ஷனைக் கண்டதும் விறைத்துக்கொள்கிறதா? கூட்டம் அங்கேதான் கூடுகிறது, விஷயம் அவ்வளவுதான். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு. பரிவர்த்தனைச் செலவாகத் தனிநபர்கள் எல்லாருமாகக் கொடுத்தது சுமார் 50,000 கோடி ரூபாய். அதில் பாதி புரோக்கரேஜ். கட்டணம் குறைந்தால் சூதாட்டம் பெருகும் என்று திடீர் அக்கறை காட்டுவோருக்கும் இதுவே பதில். 20 ரூபாய் யாரைத் தடுத்தது?

டெலிவரிக்கு அரை சதவீதம் கறந்த பழைய புரோக்கர்களைவிட இது மேல் என்றொரு வாதம் உண்டு. பெரிய கைகளுக்கு மேல்தான். லட்சத்துக்கு 500 ரூபாய் கொடுத்தவருக்கு இன்று பல இடங்களில் டெலிவரி இலவசம். 400 ரூபாய்க்காரருக்கோ அந்த அரை சதவீதம் 2 ரூபாய்தான். போகட்டும், அந்த 'இலவச' டெலிவரியில் 200 ரூபாய்ப் பங்கு ஒன்றை விற்றுப் பாருங்கள்; டிபி கட்டணம் என்று பல இடங்களில் 15 ரூபாய்க்குக் குறையாமல் உருவிவிடுவார்கள். அதுவும் எல்லாருக்கும் 'சமம்'. டிமேட் கணக்கில் மட்டும் செபிக்கு வேறு புத்தி வேலை செய்திருக்கிறது: 2024 செப்டம்பர் முதல், பிஎஸ்டிஏ என்ற அடிப்படைச் சேவை டிமேட் கணக்கில் கையிருப்பு 4 லட்சம் வரை என்றால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 100 ரூபாய். கணக்குக்குப் பொருந்தும் இந்த அளவுகோல் ஆர்டருக்குப் பொருந்தாதா? ஆப்ஷனுக்கும் "அரை சதவீதம் அல்லது 20 ரூபாய், எது குறைவோ அது" என்று செபி ஒரு வரி எழுதட்டும். 4 லட்சக்காரருக்கு அதனால் ஒரு காசு கூடாது.