உயிலுக்கு இனி கோர்ட் சான்று கட்டாயமில்லை: சென்னை சொத்துகளுக்கு என்ன மாறுகிறது? வாரிசுகள் எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

சென்னைக்குள் வீடு வைத்திருந்த ஒருவர், அதை மகள் பெயருக்கு உயில் எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறார். உயில் கையில் இருக்கிறது, சாட்சிகள் இருக்கிறார்கள், கூடப் பிறந்தவர்களும் எதிர்ப்பு சொல்லவில்லை. ஆனாலும் அந்த மகள் வீட்டை விற்கப் போனால், வாங்க வருபவரின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி: "புரோபேட் வாங்கியாச்சா?"

நூறாண்டாக சென்னைவாசிகளைத் துரத்தி வந்த இந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த சட்டப்பிரிவு இப்போது இல்லை. 71 பழைய சட்டங்களை ஒழித்துக்கட்டிய 'நீக்கம் மற்றும் திருத்தச் சட்டம், 2025' 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. அதிலேயே ஒரு வரியாக, 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவும் நீக்கப்பட்டுவிட்டது. கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால், "இனிமே கோர்ட்டு பக்கமே போக வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது முழு உண்மை இல்லை.

புரோபேட் என்றால் என்ன?

உயில் உண்மையானதுதான், எழுதியவர் சுயநினைவோடு எழுதியதுதான், இதுதான் அவரது கடைசி உயில் என்று நீதிமன்றம் முத்திரை போட்டுக் கொடுக்கும் சான்றுதான் புரோபேட். உயிலில் 'நிறைவேற்றுநர்' என்று யாரையாவது குறிப்பிட்டிருந்தால் அவருக்குத்தான் அது கிடைக்கும். அப்படி யார் பெயரும் இல்லையென்றால், சொத்து பெறுபவர் உயிலையும் இணைத்து 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பெயர்தான் வேறு, அலைச்சல் ஒன்றுதான்.

சென்னையைப் பொறுத்தவரை இது உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் நடக்கும். மனு, சொத்துப் பட்டியல், சாட்சிக் கையெழுத்து போட்டவரின் பிரமாணப் பத்திரம், மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், சொத்து மதிப்பைப் பொறுத்து கோர்ட் கட்டணம் என்று வரிசையாகப் போகும். யாராவது ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தால் போதும், சாதாரண மனு முழு வழக்காக மாறிவிடும். அதன்பிறகு எத்தனை வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏன் சென்னைக்கு மட்டும்?

இதுதான் இந்தச் சட்டத்தின் வேடிக்கை. புரோபேட் இல்லாமல் உயில் மூலம் வந்த உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது என்றது 213-வது பிரிவு. ஆனால் யாருக்கெல்லாம் என்று பார்த்தால் தலை சுற்றும். இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தினரைப் பொறுத்தவரை, சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் நேரடி எல்லை, பழைய வங்காளப் பகுதி ஆகியவற்றுக்குள் எழுதப்பட்ட உயில்களுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்து தொடர்பான உயில்களுக்கும் மட்டும் கட்டாயம். பார்சிகளுக்கும் இந்த மூன்று நகர எல்லைகளில் கட்டாயம். இஸ்லாமியர்களுக்குக் கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ல் விலக்கு கொடுத்தாகிவிட்டது.

அதாவது, மயிலாப்பூரில் ஒரு இந்துக் குடும்பத்துக்கு புரோபேட் கட்டாயம். பக்கத்தில் சாந்தோமில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வேண்டாம். மதுரையில் எழுதி, மதுரை வீட்டைக் கொடுத்தால் வேண்டாம். ஆனால் திருநெல்வேலிக்காரர் ஒருவர் சிகிச்சைக்காக சென்னை வந்து, இங்கே ஆஸ்பத்திரியில் இருந்தபடி தன் ஊர் வயலை உயில் எழுதினால்? எழுதிய இடம் சென்னை என்பதால் வேண்டும்! 1870-ம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம் போட்டுவைத்த கோடு அது. பிரிட்டிஷ் ஆட்சியின் மாகாணத் தலைநகரங்களுக்காக வரைந்த எல்லையை, ஆட்சி போய் 78 ஆண்டுகள் கழித்தும் நாம் சுமந்துகொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் சட்ட ஆணையம் தன் 209-வது அறிக்கையில், 2008-லேயே இந்தப் பிரிவை முழுசாக நீக்கச் சொல்லிவிட்டது. 17 வருஷம் அது கோப்பிலேயே கிடந்தது.

உயில் இல்லாத குடும்பங்களுக்கு?

எந்த மாற்றமும் இல்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து, அவரவருக்குப் பொருந்தும் வாரிசுரிமைச் சட்டப்படி போகும். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசு சான்றிதழ் வாங்கி, பட்டா மாற்றம் செய்துகொள்ளும் வழி அப்படியே இருக்கிறது. புரோபேட் என்ற பேச்சே உயில் இருந்தால்தான் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, வாரிசு சான்றிதழுக்கே அவசியம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோர்ட் சான்று போனது, நிரூபிக்கும் பொறுப்பு போகவில்லை

பலர் தவறவிடும் இடம் இது. நீக்கப்பட்டது கட்டாயம் மட்டும்தான். உயில் செல்ல வேண்டுமானால் எழுதியவர் கையெழுத்து, குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்து என்ற 63-வது பிரிவு அப்படியே இருக்கிறது. தகராறு என்று வந்துவிட்டால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 68-வது பிரிவாக இருந்த இந்த விதி, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 67-வது பிரிவு.

அதுவும் சும்மா நிரூபித்தால் போதாது. கையெழுத்து நடுங்கிப்போயிருக்கிறது, எழுதியவர் படுத்த படுக்கையில் இருந்தார், பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு வேறு யாருக்கோ மொத்தமும் போகிறது, உயில் எழுத ஓடியாடி ஏற்பாடு செய்தவரே அதில் பெரும் பங்கும் வாங்குகிறார் என்றெல்லாம் சந்தேகம் இருந்தால், அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டிய பொறுப்பு உயிலைக் காட்டுபவருடையது. 1958-லேயே உச்ச நீதிமன்றம் போட்ட இந்த அளவுகோலைத்தான் இன்றைக்கும் நீதிமன்றங்கள் எடுத்துப் பார்க்கின்றன.

பதிவு செய்த உயில் என்றால்? பதிவு நல்லதுதான், ஆனால் கட்டாயமில்லை. பதிவு செய்துவிட்டதாலேயே உயில் அசைக்க முடியாததாகவும் ஆகிவிடாது. பதிவு செய்த உயிலை, பிறகு எழுதிய பதிவு செய்யாத உயில்கூட ரத்து செய்துவிடும்.

யாருக்கு ஆபத்து?

புரோபேட் நடைமுறை மெதுவானது, செலவு பிடித்தது. ஆனாலும் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. மனு போட்டால் மற்ற வாரிசுகளுக்குத் தகவல் போகும். கல்யாணமாகி வெளியூர் போன மகளுக்கும், துபாயில் வேலை பார்க்கும் தம்பிக்கும், "இப்படி ஒரு உயிலை வைத்து உன் அண்ணன் வந்திருக்கிறார், ஆட்சேபம் இருந்தால் சொல்" என்று நீதிமன்றமே சொல்லும். பத்திரிகையிலும் விளம்பரம் வரும்.

இனி அந்தத் தகவல் தானாக வராது. வீட்டில் இருப்பவர் ஒரு உயிலைக் காட்டி பட்டாவை மாற்றிக்கொண்டு, சொத்தை விற்றும் முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு விஷயமே தெரிய வரலாம். அப்போது புரோபேட் கோர்ட்டில் ஆட்சேபம் தெரிவிப்பதற்குப் பதிலாக, பாகப்பிரிவினை கேட்டோ, விற்பனையை ரத்து செய்யக் கேட்டோ சிவில் வழக்கு போட வேண்டியிருக்கும். சண்டை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று சொல்வதுதான் சரி. குறிப்பாக, சொத்துப் பேச்சில் "உனக்குத்தான் நகை போட்டாச்சே" என்று ஒதுக்கப்படும் பெண் பிள்ளைகள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். சொத்து விவரம் பார்க்க எல்லோரும் வில்லங்க சான்றிதழ் போடுவார்கள். ஆனால் பதிவு செய்த உயில் அதில் வராது. காரணம், உயில்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் ஏறும். வில்லங்கம் பார்ப்பது முதல் புத்தகத்தை வைத்து. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அந்த உயிலின் நகல் அவருக்கோ அவரது முகவருக்கோ மட்டும்தான் கிடைக்கும். அவர் இறந்த பிறகு யார் விண்ணப்பித்தாலும் நகல் வாங்கலாம். அப்பாவோ அம்மாவோ உயில் பதிவு செய்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், இறப்பு சான்றிதழோடு அந்த அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்ப்பது நல்லது.

வீடு வாங்குபவர்கள் என்ன செய்ய வேண்டும்?

உயில் வழி வந்த சொத்தை வாங்குகிறவர்களுக்குத்தான் இனி வேலை கூடுதல். புரோபேட் இருந்தால், அந்த உயில் உண்மையானது என்பது எல்லோரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. அது ரத்தாகும்வரை வேறு யாரும் வந்து உயில் போலி என்று சொல்ல முடியாது. அந்தப் பாதுகாப்பு வெறும் உயில் காகிதத்துக்குக் கிடையாது.

அதனால், மூல உயிலை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. இறப்பு சான்றிதழும் வாரிசு சான்றிதழும் கேட்க வேண்டும். வாரிசு சான்றிதழில் இருக்கும் மற்றவர்கள் எல்லோரும் விற்பனைப் பத்திரத்தில் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்து போடுவதோ, தனியாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதோ பாதுகாப்பு. "அக்கா வெளிநாட்டில் இருக்காங்க, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு பல லட்சங்களைப் போடுவது சரியில்லை.

வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிகளின் வக்கீல்கள் பழைய பழக்கத்தில் புரோபேட் கேட்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று எடுத்துச் சொல்லலாம். ஆனால் கடன் கொடுப்பவர் தன் பாதுகாப்புக்காகக் கேட்பதைத் தடுக்க வழியில்லை. பெரிய சொத்து, வாரிசுகளுக்குள் மனக்கசப்பு, சாட்சிகளுக்கு வயதாகிவிட்டது என்ற நிலையில் இருப்பவர்கள் தாங்களாகவே புரோபேட் வாங்கிவைப்பது இப்போதும் புத்திசாலித்தனம். அதற்கான பிரிவுகள் எல்லாம் சட்டத்தில் அப்படியே இருக்கின்றன. சாட்சி இருக்கும்போதே வாங்கிவிட்டால், பத்து வருஷம் கழித்து அந்தக் கையெழுத்தை நிரூபிக்க ஆள் தேட வேண்டியதில்லை.

ஏற்கெனவே மனு போட்டு காத்திருப்பவர்களும் அவசரப்பட்டு வாபஸ் வாங்க வேண்டாம். 213 போய்விட்டதாலேயே அந்த மனுக்கள் செல்லாததாகிவிடாது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யாராவது எதிர்க்கிறார்களா என்று பார்த்து வக்கீலோடு முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

வங்கிப் பணத்துக்கு வேறு வழி

இறந்தவர் கணக்கில் இருக்கும் பணம் தொடர்பாகவும் 2025-ல் இரண்டு மாற்றங்கள் வந்தன. நவம்பர் 1 முதல், வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம். அதற்கு முன் செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, நாமினி இல்லாத கணக்காக இருந்தாலும், வணிக வங்கியில் 15 லட்சம் ரூபாய் வரையிலும் கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் எளிய ஆவணங்களை வைத்தே பணத்தைக் கொடுக்க வேண்டும். எல்லா ஆவணமும் கொடுத்த 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், தாமதமானால் வங்கி இழப்பீடு தர வேண்டும். இந்த நடைமுறைக்கு வங்கிகள் மாற 2026 மார்ச் 31 கெடு.

நாமினி என்பவர் சொத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பவர்தான். பங்குகள் தொடர்பான வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் அழுத்திச் சொன்னது. உயிலில் ஒரு பெயர், நாமினியாக இன்னொரு பெயர் என்று விட்டுவிட்டுப் போனால் வீட்டில் சண்டை நிச்சயம்.

வரி ஏதும் உண்டா?

வாரிசாக வரும் சொத்துக்கு இந்தியாவில் இப்போது வரி கிடையாது. 1953 முதல் எஸ்டேட் டியூட்டி என்று ஒன்று இருந்தது. உச்சத்தில் 85 சதவீதம் வரை போன அந்த வரி 1985 மார்ச்சில் ஒழிக்கப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் சாம் பிட்ரோடா அமெரிக்க உதாரணத்தைச் சொல்லப்போய் பெரிய சர்ச்சையானது நினைவிருக்கலாம். அந்தப் பேச்சு எந்தச் சட்டமாகவும் மாறவில்லை.

ஆனால் சொத்தை விற்கும்போது மூலதன ஆதாய வரி உண்டு. அப்பா என்ன விலைக்கு வாங்கினாரோ அதுதான் மகளுக்கும் கொள்முதல் விலை. அவர் 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியிருந்தால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்கி, உயில், இறப்பு சான்றிதழ், அப்பா வாங்கிய பழைய கிரயப் பத்திரம் ஆகியவற்றோடு வைத்திருக்க வேண்டும். இறந்தவரின் அந்த ஆண்டு வருமானத்துக்கான வருமான வரிக் கணக்கையும், வருமான வரி இணையதளத்தில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவு செய்துகொண்டு குடும்பத்தினர்தான் தாக்கல் செய்ய வேண்டும்.