தகப்பனும் பிள்ளையும் பழைய படமும்

நமது குடும்பங்களில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் உள்ள சம்பந்தம் பெரும்பாலும் எஜமானனுக்கும் வேலைக்காரனுக்கும் உள்ள சம்பந்தமாய் இருக்கிறதே ஒழிய, இரண்டு மனிதர்கள் மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் சம்பந்தமாய் இல்லை. பிள்ளை வாய் திறப்பதெல்லாம் பணம் கேட்பதற்கும் உத்தரவு கேட்பதற்குந்தான். அதற்குங்கூட அநேக வீடுகளில் தாயாரை வக்கீலாக அமர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தகப்பன் கூடத்துக்குள் வந்தால் பிள்ளை எழுந்து வெளியே போய்விடுவதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். இருவருக்கும் பேச ஒரு சங்கதி இல்லாமைக்கு வைத்த பெயர்தான் அது என்போம் நாம்.

இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு பழைய சினிமாப் படம் செய்கிற காரியம் கவனிக்கத்தக்கது. டெலிவிஷனிலோ பிள்ளையின் கைப்போனிலோ கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடுகிறது. ஒரு வாரமாய்ப் பேசாத கிழவர் பேச ஆரம்பிக்கிறார். டூரிங் டாக்கீஸில் முன்னால் இருப்பவன் தலை மறைக்காமலிருக்க மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தது, ரீல் மாற்றும்போது முறுக்கு வாங்கியது, மறுநாள் வசனத்தை ஒப்பித்து உதை வாங்கியது எல்லாம் வெளியே வருகின்றன. பிள்ளை “அப்புறம்?” என்கிறான். அவன் தகப்பனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருஷமாயிற்றோ!

1944-ம் வருஷம் தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தையே எடுத்துக்கொள்ளுவோம். கதை என்ன? தாய் தகப்பனை வீட்டைவிட்டுத் துரத்திய பிள்ளைக்கு முனிவர் ஆசிரமத்தில் கால்கள் போய்விடுகின்றன. பெற்றோரே தெய்வமென்று பணிவிடை செய்தபின் கால்கள் திரும்பி வருகின்றன. ஒருவனுக்குப் பெற்றவர்களிடம் அன்பு பிறக்கக் காலைப் பிடுங்கித்தான் ஆக வேண்டுமா என்று பிள்ளை கேட்டால், அது நியாயமான கேள்வியே. வேறு சமயமாயிருந்தால் தகப்பன், “வாயை மூடு” என்றிருப்பார். படத்துக்கு முன் உட்கார்ந்திருப்பவரோ, “கதை கிடக்கட்டும், பாகவதர் பாட்டைக் கேளடா” என்கிறார்! ஆயிரம் உபதேசத்தால் ஆகாத காரியம் இது. அதோடு, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போனதையும், 1947-ல் விடுதலையானதையும் தம் தகப்பனார் சொல்லக் கேட்டபடியே சொல்லுகிறார். பிள்ளை கைப்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறான்.

பக்திக் குப்பையைப் பார்க்கச் சொல்லுகிறீர்களா என்று சில தோழர்கள் கேட்கலாம். கோவிலில் நிற்பதுபோல் வாய்பொத்திப் பார்த்தால்தான் அது கெடுதி. பேசிக்கொண்டும் மறுத்துக்கொண்டும் பார்க்கட்டும் என்கிறோம். நிற்க, “அந்தக் காலத்துப் படந்தான் படம்” என்னும் தகப்பன்மாரோடும் நமக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்துக் குப்பைக்கும் குறைவில்லை. ஆகவே பிள்ளை தெரிந்தெடுக்கும் புதுப்படத்தின் முன்னும் அவர்கள் பொறுமையாய் உட்கார வேண்டியதுதான். ஆனால் தாமதிக்கக் கூடாது. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. வீட்டுக் கிழவரின் ஞாபகத்துக்கும் வேறு பிரதி கிடையாது.

இதில் சிக்கலான இடமும் உண்டு. 1954-ல் வந்த ‘ரத்தக் கண்ணீ’ரில் எம்.ஆர்.ராதாவின் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத தகப்பன் இல்லை. அந்தப் படத்தின் முடிவில் நோயாளியான கதாநாயகன் தன் மனைவியைத் தன் சிநேகிதனுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறான். எத்தனையோ தடவை கைதட்டி ரசித்த தகப்பனைப் பார்த்து, “நம் வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் நீங்களும் செய்வீர்களா, அப்பா?” என்று பிள்ளை கேட்கட்டும். அநேகர் அங்கே மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்துக்குப் பயந்து பிள்ளை எழுந்து போய்விடக் கூடாது. படம் முடிந்தபிறகும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. தகப்பனும் பிள்ளையும் இப்படிச் சிநேகிதராகும் நேரத்தில் தாயார் எங்கே இருக்கிறார்? அடுப்படியில் இருக்கிறார். பாட்டு மாத்திரம் அவர் காதில் விழுகிறது. அவரும் அதே கொட்டகையில், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்தவராய் இருக்கலாம். அவரை யாரும் கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை உலையை இவர்கள் இருவரும் வைத்துவிட்டு, எந்தப் படம் போடலாம் என்று அவரைக் கேட்கட்டும்.