முதியோர் பகல்நேர மையங்கள்: எங்கள் நிலைப்பாடு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2031-ல் இது 18.2 விழுக்காட்டை எட்டும் என்கிறது மத்திய அரசின் ‘இந்தியாவில் முதியோர் 2021’ அறிக்கை. இந்த நிலையில், 2025-26 நிதிநிலை அறிக்கையில் 10 கோடி ரூபாயில் 25 ‘அன்புச்சோலை’ மையங்களை அறிவித்த மாநில அரசு, 2025 நவம்பரில் அவற்றைத் தொடங்கியது. பகலெல்லாம் நாலு பேரோடு இருந்துவிட்டு மாலையில் சொந்த வீட்டுக்கே திரும்பும் இந்த ஏற்பாட்டை, முதியோர் நலனுக்காக உழைக்கும் எங்கள் அமைப்பு மனமார வரவேற்கிறது. இவை எப்படி நடக்க வேண்டும் என்பதில் எங்கள் கருத்தையும் முன்வைக்கிறோம்.

நிலைப்பாடு

வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதோடு எந்த மையத்தின் மதிப்பீடும் முடிந்துவிடக் கூடாது. அந்த வட்டாரத்தில் யாரால் வர முடியவில்லை, ஏன் வர முடியவில்லை என்ற கேள்விக்கு மையம் பதில் வைத்திருக்க வேண்டும்.

காரணம்

நடக்கத் தெம்புள்ள, கையில் ஓய்வூதியம் உள்ள ஆண்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். அவர்களுக்கும் மையம் தேவைதான். ஆனால் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுப்படியிலேயே பகலைக் கழிக்கும் பாட்டி, முழங்கால் வலியால் மாடிப்படி இறங்காதவர், சிறுநீரை அடக்க முடியாமல் வெளியே போகவே கூசுபவர், காது மந்தமானதால் பேச்சுக்கு நடுவே ஒதுங்கிவிடுபவர், மறதி நோயால் பாதிக்கப்பட்டவர், அவரை விட்டு ஒரு மணி நேரம்கூட நகர முடியாத துணைவர் ஆகியோருக்குத்தான் மையம் முதலில் தேவை. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் இவர்களில் ஒருவரும் வரமாட்டார்கள்.

நாங்கள் வலியுறுத்துபவை

1. மையம் தரைத்தளத்தில், சாய்தளத்தோடு இருக்க வேண்டும். ஏறும் படி தாழ்வாக உள்ள வண்டி ஒன்று காலையிலும் மாலையிலும் தெருத்தெருவாக வர வேண்டும்.

2. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளினால் அடிபட்டவர் மேலேயே இடிக்கும். கைப்பிடியும், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளும் கட்டாயம். கைவைத்த நாற்காலிகளே வாங்க வேண்டும். கையை ஊன்றினால்தான் பலரால் எழுந்திருக்க முடியும்.

3. வீட்டு வேலை முடிந்த பெண்களுக்குப் பிற்பகல்தான் ஒழியும். அவர்கள் முழுநாளும் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், இரண்டு மணி நேரம் வந்து போகவும் வழி வேண்டும்.

4. இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை, இயன்முறைப் பயிற்சி, பல் இல்லாதவரும் சாப்பிடும்படி குழைந்த மதிய உணவு ஆகியவை அடிப்படைத் தேவைகள். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்று, ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காதபோது மாற்று வழி, கைபேசிக்கு வரும் ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கை ஆகியவற்றுக்கு உதவும் மேசை ஒன்றும் வேண்டும்.

5. தொலைக்காட்சி முன் உட்கார வைப்பதை நிகழ்ச்சி என்று கணக்குக் காட்டக் கூடாது. தாயமா, பல்லாங்குழியா, கேரமா, தோட்ட வேலையா, பிள்ளைகளுக்குக் கதை சொல்வதா என்பதை வருகிறவர்களே முடிவு செய்யட்டும். நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் அங்கு வரும் முதியவர்களாகவும், அவர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்.

6. மறதி நோய் உள்ளவர்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒருவராவது தேவை. அவர்களைத் திருப்பி அனுப்பினால் பராமரிப்பவரையும் கைவிட்டதாகிவிடும்.

மறுப்புகளுக்கு எங்கள் பதில்

வண்டிக்கும் ஆளுக்கும் செலவாகும் என்பது உண்மை. அலங்கார வளைவுக்கும் திறப்பு விழாவுக்கும் ஆகும் பணத்தை அங்கே திருப்பலாம். வீட்டோடு முடங்கியவர் யார் என்று தேடவும் புதிய ஆள் வேண்டியதில்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளர்கள் இவர்களின் வீட்டுப் படியை ஏற்கெனவே மிதித்தவர்கள். அவர்கள் மையத்துக்குத் தகவல் சொல்ல ஓர் ஏற்பாடு இருந்தால் போதும்.

பெற்றோரைப் பிள்ளைகள்தானே பார்க்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 அந்தக் கடமையைத் தெளிவாகவே சொல்கிறது. பகல்நேர மையம் அதைப் பறிப்பதில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போகும் வீட்டில், பெற்றோரைத் தங்களோடு வைத்துக்கொள்ள அது கைகொடுக்கிறது.

கோரிக்கை

ஒவ்வொரு மையமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் வட்டாரத்தில் வீடு வீடாகக் கேட்டு, வராதவர்கள் எத்தனை பேர், தடை என்ன, அதில் எது நீக்கப்பட்டது என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இதை அரசாணையில் நிபந்தனையாகச் சேர்க்கும்படி அரசைக் கேட்டுக்கொள்கிறோம். வீடு வீடாகக் கேட்கும் பணியில் எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி உடன் நிற்பார்கள்.