இலவச வாசல்

கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே பார், மாற்று, பகிர்ந்துகொள் என்று அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் திருவனந்தபுரம். 2001 ஜூலையில் இந்தக் கொள்கையின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கே வந்துதான் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு பிறந்த கேரள அரசின் ஐ.டி.@ஸ்கூல் திட்டம், பிறகு விண்டோஸைக் கைகழுவிவிட்டு லினக்ஸுக்கு மாறியது. இன்று பூஜப்புரையில் 'கைட்' என்ற பெயரில் இருப்பது அதுதான். 2018 முதல் அதன் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் பிள்ளைகள் அனிமேஷன், ஸ்க்ராட்ச் என்ற புரோகிராமிங் மொழி, ரோபோ என்று கலக்குகிறார்கள்.

இப்படி வளர்த்த பிள்ளையிடம் போய், 'பள்ளிக்கூட நெட்டில் இந்தத் தளம் வராது' என்றால் சும்மா இருப்பானா?

சாலை பஜாருக்குப் பின்னால் எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். என்னடா செய்வீர்கள் என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னான். தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைத் தருவது டி.என்.எஸ். சர்வர், தடுத்து வைத்த பெயரைக் கேட்டால் பள்ளியின் சர்வர் கைவிரித்துவிடும். பிரவுசர் செட்டிங்ஸில் வேறொரு சர்வரைக் காட்டிவிட்டால் பல இடங்களில் தடை அத்தோடு சரி. இல்லையென்றால் முகவரியை கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஒட்டுவது. பள்ளியின் கண்ணுக்கு கூகுள் மட்டும்தான் தெரியும். பக்கம் கோணல்மாணலான தமிழில் வரும், ஆனால் வந்துவிடும். விளையாட்டுத் தளங்களைத் தடுத்தால்? ஸ்க்ராட்ச் தளத்திலேயே ஊர் உலகத்துப் பிள்ளைகள் செய்து போட்ட விளையாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. பாடமே அதில்தான் நடக்கிறது, எந்த வாத்தியார் அதைத் தடுப்பார்!

எனக்குக் கோபம் வரவில்லை. நெட்வொர்க் எப்படி வேலை செய்கிறது என்று பாடப்புத்தகத்தைவிட நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறான். தடுக்கும் மென்பொருளுக்குத்தான் அந்த அளவு புத்தி கிடையாது. 1996-ல் ஏ.ஓ.எல். நிறுவனம் இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்க விடவில்லை. ஊர்ப்பெயரின் நடுவே ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் இருந்தனவாம். உயிரியலில் இனப்பெருக்கப் பாடத்துக்குப் படம் தேடும் பிள்ளை மாட்டிக்கொள்வதும் இதே ரகம். பெரியவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? 2022 ஏப்ரல் 3-ஆம் தேதி இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது, அந்த அரசின் அமைச்சர் நாமல் ராஜபக்சவே தானும் தடையைத் தாண்ட உதவும் வி.பி.என். வழியாகத்தான் வந்திருப்பதாக ட்விட்டரில் எழுதினார்.

பையன் பட்டியலில் கடைசியாகச் சொன்னதும் இந்த வி.பி.என்.தான். என் வயிற்றில் புளியைக் கரைத்தது அது ஒன்றுதான். இலவச ஆப் ஒன்றைப் போட்டதும் போனின் போக்குவரத்து மொத்தமும் பள்ளியைத் தாண்டி வேறொருவர் சர்வர் வழியாகப் போகிறது. பள்ளிக்கூடத்துக்குத் தெரியக்கூடாதது அந்த வேறொருவருக்குத் தெரியலாம். காசு வாங்காமல் அவர் ஏன் சர்வர் நடத்துகிறார்? ஒனாவோ என்ற வி.பி.என். ஆப்பை 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது. பாதுகாப்பு என்று சொல்லித்தான் அதைக் கொடுத்தார்கள். ஜனங்கள் போனில் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை அதன் மூலம் கணக்கெடுத்தார்கள்; வாட்ஸ்அப் வளர்ந்த வேகத்தையும் அதில்தான் அளந்து பார்த்தார்கள். 2018-ல் ஆப்பிள் ஆட்சேபித்த பிறகு அதன் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள். பேர் பெற்ற கம்பெனியே இப்படியென்றால், பேரே தெரியாத கம்பெனியை என்ன சொல்வது?

தளத்தைத் தடுப்பதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பீரியடை, இலவச வி.பி.என். நடத்துகிறவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொடுக்க ஒதுக்கலாம். டி.என்.எஸ். தெரிந்த பிள்ளைக்கு இது புரியாமல் போகாது.

அவனிடமே கேட்டேன்: "அந்த ஆப்பை நடத்துறது யாருடா?"

"தெரியாது மாமா. ஆனா பிளே ஸ்டோர்ல நாலரை ஸ்டார் இருக்கு."