காசில் துளை

வெள்ளி விலை ஏறுகிறது என்று இந்தக் கிழமை ஊரே பேசியது. இந்தப் பத்திக்காரரும் அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தார். ஆனால் வாழைச்சேனைப் பக்கத்து நகைக்கடையொன்றில் பார்த்த காசு அவரை விடவில்லை. உருக்குவதற்கென்று குவித்திருந்த பழைய கொலுசு, அறுந்த அரைஞாண்களுக்கு நடுவே கிடந்தது அது. குறுக்களவு 12 மில்லிமீட்டர், நிறை ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு பக்கம் இளம் விக்டோரியா. மறுபக்கம் கிரீடம், அதன் கீழே 1½, அதற்கும் கீழே 1838. இராணியின் தலைக்கு மேலே ஆணியால் குத்திய துளை!

காசில் துளை போட்டு அரைஞாணில் கோக்கிறவர்களிடம் ஒரே கேள்வி: பிள்ளையின் இடுப்புக்கு வேறு வெள்ளியே கிடைக்கவில்லையா?

ஒன்றரைப் பென்னிக்கு ஒரு காசு எதற்கு? இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் 1561இல் அதை அடித்தார். கூடவே முக்கால் பென்னியும் வந்தது, அரைக் கிராம்கூட இல்லாத வெள்ளிச் செதில். பென்னிக்கும் இந்த இரண்டுக்கும் ஆள் மாறிப்போகாமலிருக்க, இராணியின் தலைக்குப் பின்னால் ஒரு ரோசாப்பூ வைத்தார்கள். தேம்ஸ் நதிச் சேற்றைக் கிளறுகிறவர்களும் அந்தப் பூவை வைத்து இவற்றை அடையாளம் காணலாம். 1582க்குப் பிறகு ஒன்றரையை அங்கே யாரும் அடிக்கவில்லை.

1834இல் அது திரும்பி வந்ததற்கு நாமும் ஒரு காரணம். 1825இல் இலங்கையின் றிக்ஸ் டொலருக்கு ஒரு சிலிங் ஆறு பென்ஸ் என்று விலை வைத்தார்கள். அதாவது 18 பென்ஸ். ஒரு றிக்ஸ் டொலருக்குப் ‘பணம்’ என்ற சிறு காசு 12. வகுத்துப் பாருங்கள், ஒரு பணம் சரியாக ஒன்றரைப் பென்னி. இலண்டனில் அச்சாகி, இங்கேயும் யமேக்காவிலும் புழங்கிய காசு அது.

இந்தப் பணத்தைப் பற்றி முன்பே எழுதியவர் ஒருவர் உண்டு. நமக்கு வடக்கே கொட்டியாரத்தில் 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடம் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் அச்சான தன் நூலில் மூன்று வகைக் காசைச் சொல்கிறார். போர்த்துக்கேயர் அடித்தது ஒன்று. தூண்டில்போல வளைத்த வெள்ளிக்கம்பி இன்னொன்று, அதை யாரும் செய்யலாம். மூன்றாவது அரசனின் பணம். சட்டையில் தைக்கும் மினுக்குத் தகடளவுதான், 75 சேர்ந்தால் ஒரு ஸ்பானிய வெள்ளி. வெள்ளியில் சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்களாம். தூய வெண்மையாக வராவிட்டால் அது செல்லாது. தராசோடு நின்றுவிடும் நம் கடைக்காரரைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

பத்திக்காரர் நிறைக்குரிய விலையைக் கொடுத்து 1838ஐ மீட்டுவிட்டார். வீட்டில் பழைய அரைஞாண் வைத்திருப்பவர்கள் 1843ஐத் தேடிப் பாருங்கள். அந்த ஆண்டுக் காசுகள் சிலவற்றில் 43இன் அடியில் 34 மங்கலாகத் தெரியும். அச்சில் எண்ணைத் திருத்திய தடம் அது. பூதக்கண்ணாடி வேண்டும்.